ஒன்பதாவது விதியும் ஒரு சிட்டிகைக் குங்குமமும்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை ஏழே காலுக்குக் கைப்பேசி அடித்தது. சிரம்பான் பக்கத்து மம்பாவில், என் வீட்டில், நான் அப்போதுதான் முதல் நாள் சுண்டலைச் சூடு பண்ணி ஒரு கரண்டி வாயில் போட்டிருந்தேன். அழைத்தவர் கிரிதரன். லுக்குட்டைத் தாண்டி உள்ளே போனால் வருகிற புக்கிட் செலாசே எஸ்டேட்டின் செம்பனை எண்ணெய் ஆலைக்கு அவர்தான் மேனேஜர்.

"லோகேஸ்வரி, எடை மேடை கம்பியூட்டர் எடை எடுக்க மாட்டேங்குது. ஆறரையில இருந்து பதினேழு லோரி நிக்குது. நேத்து பூசையில அங்க இருக்கிற திருநாவுக்கரசு குங்குமத்தைக் கொட்டிட்டார் போல."

"கொட்டிட்டாரா, பொட்டு வெச்சாரா மிஸ்டர் கிரி?"

"ரெண்டுக்கும் உங்க சர்க்குலர்ல ஒரே விதிதானே. ஒன்பதாவது."

அடுப்பை அணைத்தேன். ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, "வர்றேன்" என்றேன்.

நான் சிரம்பான் தலைமை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஐந்து ஆலைகள், அவற்றின் எல்லாக் கணினிகளும் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குட்டை. இதை என் மேலதிகாரி நிரஞ்சனாவே வருஷாந்திர அறிக்கையில் வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தார். எங்கள் கணினிகளுக்குப் பாதுகாப்பு போதுமா என்று பார்ப்பது அவர் வேலை. அவரை இதே புக்கிட் செலாசே ஆலைக்கு அழைத்துப் போனேன். எடை மேடை அறையில் இருந்த கணினிப் பெட்டியின் பக்கவாட்டில், போன வருஷப் பூசையின் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் கறுத்துப் போய் ஒட்டியிருந்தது. ஆடிட்டர் அதை விரலால் காட்டி, "இதுவும் உங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒன்றா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எனக்கு அப்படி ஒரு வெட்கம். இவ்வளவு படித்து, டை கட்டினவர்களுக்கு நடுவில் உட்காருகிற இடத்துக்கு வந்த பிறகும் நாம் இன்னும் இப்படித்தானா என்று இருந்தது.

அந்த வாரமே பன்னிரண்டு விதிகள் கொண்ட ஒரு சர்க்குலரை எழுதி ஐந்து ஆலைகளுக்கும் அனுப்பினேன். பதினொன்று எல்லா ஊரிலும் இருக்கிற விதிகள். ஒன்பதாவது மட்டும் நானே யோசித்து எழுதியது: கணினியின் மேலோ அருகிலோ உணவு, திரவம், பொடி, பசை எதையும் வைக்கவோ பூசவோ கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.

அடுத்ததாக, சிரம்பானில் உட்கார்ந்தபடியே எல்லாக் கணினிகளின் பாதுகாப்பு அமைப்பையும் இறுக்கினேன். கடவுச்சொற்களை நீளமாக்கினேன், தேவையில்லாத வழிகளை அடைத்தேன், எந்தக் கணினிக்குள் யார் நுழையலாம் என்று கணக்காக ஒரு பட்டியல் போட்டுப் பூட்டினேன். இது நடந்து சரியாக மூன்று வாரம். ஆடிட்டர் தொண்ணூற்று நாலு மதிப்பெண் கொடுத்தார். நிரஞ்சனா கேக் வாங்கி வெட்டினார். பெரிய துண்டு எனக்குத்தான்.

மம்பாவிலிருந்து ஆலைக்குப் போய்ச் சேர எட்டே கால் ஆயிற்று. லோரிகளின் வரிசை ஆலை வாசலைத் தாண்டி மண் சாலை வளைவு வரை நின்றது. டிரைவர்கள் நிழலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. மேனேஜர் நிறுத்தும் இடத்தில் கிரிதரனின் வெள்ளை வண்டி நின்றது. அதன் முன்பக்கத்தில் சந்தனப் பொட்டு, டயருக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். பார்த்தேன், ஆனால் அப்போது மனதில் எதுவும் ஓடவில்லை.

எடை மேடை என்பது லோரி அப்படியே ஏறி நிற்கிற பெரிய இரும்புத் தளம். பழக் குலைகளோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு வெறும் லோரியாக ஒரு தடவை ஏற வேண்டும். பக்கத்து அறையில் இருக்கும் கணினி ஒவ்வொரு எடைக்கும் ஒரு சீட்டு அடித்துத் தரும். சீட்டு இல்லாமல் பழம் உள்ளே போகாது. வெட்டிய பழம் ஒரு நாளைக்கு மேல் வெளியே கிடந்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும்.

அந்த அறையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் திருநாவுக்கரசு. எல்லாருக்கும் அரசு அண்ணன். வயது அறுபத்தொன்று. போன வருஷம் ஓய்வு பெற்று, ஒரு வருஷ கான்ட்ராக்டில் திரும்ப எடுக்கப்பட்டவர். நான் போனபோது அவர் அறைக்கு வெளியே ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்கம்மா. நான் உள்ள போகலம்மா. மேனேஜரு தொடாதன்னுட்டாரு."

"என்னண்ணே ஆச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"நேத்து பன்னெண்டு மணிக்குக் கடைசி லோரி போச்சு. மில்ல நிப்பாட்டிக் கழுவ விட்டாங்க. நான் கம்பியூட்டர ஆஃப் பண்ணி, தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சேன். மேடை நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம். எப்பவும் பண்றதுதான்மா. பூசை போட்ட சாமான அன்னிக்குத் தொடக் கூடாதில்ல? இன்னிக்கிக் காலையில சூடம் காட்டிட்டு ஆன் பண்ணேன். கம்பியூட்டரு எந்திரிச்சிச்சி. எடை மட்டும் வரல. எண்ணு வர்ற எடத்துல வெறும் கோடு."

"குங்குமம் உள்ள விழுந்துச்சா?"

அவர் துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பொய் சொல்லக் கூடாதும்மா. இந்த வருசம் கொஞ்சம் தாராளமா வெச்சிட்டேன். கான்ட்ராக்ட் முடியிற மாசம், நல்லபடியா போகட்டுமேன்னு. ஒரு சிட்டிகை அந்தக் காத்து ஓட்டைப் பக்கம் சிந்திடுச்சி. ஒங்க சுராட்டு, அதான் அந்த சர்க்குலரு, படிச்சேன்மா. ஒம்பதாவது பாயிண்ட்டும் படிச்சேன். பவுடர் கிவுடர், தின்ற சாமான், அதத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். குங்குமத்தப் போயி யாரு பொடின்னு நெனப்பா?"

நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். திரையில் அந்தக் கோடு அப்படியே இருந்தது.

கிரிதரன் வந்தார். எப்போதும் போலச் சுத்தமான சட்டை, மெதுவான குரல், யாழ்ப்பாணம் கலந்த பேச்சு. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"காரணம் காட்டும் கடிதம் ஒண்டு பன்னெண்டு மணிக்கு முன்ன குடுக்கணும். பெர்சனல் பகுதியில கேக்கினம். கான்ட்ராக்ட் பேப்பரும் அவங்கட மேசையிலதான் கிடக்கு. கடிதம் போனா அவங்க புதுப்பிக்க மாட்டாங்க. எனக்கும் விருப்பமில்ல, லோகேஸ்வரி. ஆனா விதி விதிதானே."

கான்ட்ராக்ட் இல்லையென்றால் அரசு அண்ணனுக்கு எஸ்டேட் வீடும் இல்லை. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். லுக்குட்டில் அவர் பேருக்கு வந்திருக்கும் மலிவு விலை வீட்டுக்கு ஏப்ரலில்தான் சாவி கிடைக்கும். இது எனக்கும் தெரியும், கிரிதரனுக்கும் தெரியும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை.

"மொதல்ல லோரிங்கள அனுப்புவோம். மேடைப் பக்கத்துல செவுத்துல இருக்கிற பெட்டியில எடை சிவப்பு எண்ணா தெரியுது. அத அரசண்ணன் பார்த்துக் கையால எழுதட்டும்."

"நாலாவது விதி. கையால எழுதின சீட்டு செல்லாது."

"அதையும் நான்தான் எழுதினேன். இன்னிக்கி ஒரு நாளைக்கு நானே நிறுத்தி வெக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டேன். அரசு அண்ணன் பழைய சீட்டுப் புத்தகத்தை எங்கிருந்தோ தூசி தட்டி எடுத்து வந்தார். முதல் லோரி மேடையில் ஏறியது. வரிசை நகரத் தொடங்கியதும் எனக்கும் மூச்சு நிதானமாக வந்தது. அந்த அறைக்குள் போய் மேசைக்கு அடியில் மண்டி போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் பெட்டியைத் திறந்தேன். எட்டு வருஷத் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு. அடித் தகரத்தில், எந்தப் பாகத்தையும் தொடாமல், ஒரு சிட்டிகைக் குங்குமம் கிடந்தது. நெற்றியில் வைத்துக்கொண்டால் ஒரு பொட்டுக்குச் சரியாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரு கொசுவுக்குக்கூடக் கெடுதல் வந்திருக்காது. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு வெற்றுச் சீட்டைக் கிழித்து அதில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் குங்குமம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. வேறு எது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழி பொட்டின் மேல்தான் நிற்கும்.

மேடையிலிருந்து வரும் கம்பியைச் சோதித்தேன். எண்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அச்சு இயந்திரம் சரியாக இருந்தது. சீட்டு அடிக்கும் திரையும் திறந்தது. இரண்டுக்கும் நடுவில், திரையில் தெரியாமல் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு நிரல் உண்டு. கம்பியில் வருகிற எண்ணை வாங்கித் திரைக்குக் கொடுப்பது அதன் வேலை. இப்படிப்பட்டவற்றை நாங்கள் சேவை என்போம். அந்தச் சேவை நின்று போயிருந்தது. 'தொடங்கு' என்று அழுத்தினேன். மறுத்தது. மறுபடி அழுத்தினேன். உள்நுழைய முடியவில்லை என்று ஒரே பல்லவி.

மனிதர்கள் கணினிக்குள் பெயர் சொல்லி நுழைவது போலத்தான் சேவையும் ஒரு பெயரைச் சொல்லி நுழையும். இந்தச் சேவைக்கு, எட்டு வருஷத்துக்கு முன்னால் இதைப் பொருத்திய ஆட்கள் 'திம்பாங்' என்று ஒரு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடை போடுவதற்கு மலாயில் திம்பாங். அவர்கள் தந்த கையேட்டில் கடவுச்சொல் இருந்தது. சரியாகவே இருந்தது. பெயரும் முடக்கப்படவில்லை. பிறகு ஏன் வாசலிலேயே நிறுத்துகிறது?

கணினி தனக்கு நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவுகளைத் திறந்தேன். காரணம் அங்கே ஒரே வரியில் இருந்தது: இந்தப் பெயருக்குச் சேவையாக உள்நுழையும் உரிமை வழங்கப்படவில்லை.

வழங்கப்படவில்லையா? எட்டு வருஷமாக ஓடியதே! இன்னும் பின்னால் போய்ப் பார்த்தேன். உரிமை இருந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு அது பறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு பத்துக்குச் சிரம்பானில் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, எல்லாம் முடிந்தது என்று மீ கோரெங் சாப்பிடப் போனேன்.

யார் நுழையலாம் என்று நான் போட்ட பட்டியலில் திம்பாங் இல்லை. அலுவலகப் பதிவேட்டில் அந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் பதிவேட்டை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தேன். கணினியை நேரில் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நேரில் வரத்தான் வந்தேன், ஆடிட்டரோடு. இதே நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பொட்டைப் பார்த்து வெட்கப்படவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

மூன்று வாரம் எப்படி ஓடியது என்பதும் புரிந்தது. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவனை யாரும் எழுப்பி வெளியே தள்ளுவதில்லை. அவன் வெளியே போய்த் திரும்பி வரும்போதுதான் வாசலில் பெயர் கேட்பார்கள். இந்தக் கணினி வெளியே போவதே இல்லை. ஆலைக்குச் சொந்த மின்சாரம். அதுவும் தடுமாறினால் தாங்க பேட்டரி வேறு. நேற்றுத்தான் அரசு அண்ணன் அதை அணைத்தார்.

அந்தச் சேவைக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தான் எழும்போதெல்லாம் ஒரு சிறிய கோப்பில் நாளும் நேரமும் எழுதி வைக்கும். அதைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் வரிகள் இருக்கும் என்று நினைத்தேன். மொத்தமே எட்டு வரி. முதல் வரி பொருத்திய நாள். மற்ற ஏழும் வருஷத்துக்கு ஒன்று. ஒரு வருஷம் அக்டோபர் தொடக்கம், ஒரு வருஷம் அக்டோபர் கடைசி. தேதிகள் ஏன் இப்படி ஆடுகின்றன என்று கைப்பேசியில் நாள்காட்டியை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஏழும் ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. ஏழு வருஷம் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு, மறுநாள் சூடம் காட்டியதும் ஒழுங்காக எழுந்திருக்கிறது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அரசு அண்ணனின் வீட்டை அல்லவா சுடப் பார்க்கிறது?

கடவுச்சொல்லைத் திரும்ப ஒரு தடவை தட்டிக் கொடுத்தால், கணினி அந்தப் பெயருக்குத் தற்காலிகமாக உரிமை கொடுத்துவிடும். தட்டினேன். சேவை எழுந்தது. கோடு மறைந்து திரையில் எண் வந்தது.

"வந்துருச்சி!" என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அரசு அண்ணன் கத்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா காப்பாத்திட்டாம்மா!"

சத்தம் கேட்டுக் கிரிதரன் வந்தார். திறந்து கிடந்த பெட்டியையும், துடைத்துப் போட்ட தூசியையும், திரையையும் பார்த்தார்.

"அப்ப குங்குமம்தான். துடைச்சதும் சரியாயிட்டுது."

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. பேசவில்லை. திருகாணிகளைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

"நான் ஒத்துக்கிறேன் பாஸ்" என்றார் அரசு அண்ணன். "எந்தத் தப்பு ஆனாலும் நாந்தானே ஆஃப் பண்ணேன். லெட்டர் குடுங்க, சைன் போட்டுர்றேன். அந்தம்மா பாவம், காலையில சாப்பிடாமக்கூட ஓடியாந்திருக்காங்க லா."

கிரிதரன் தலையாட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். நான் கேன்டீனுக்குப் போய் ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி பதினொன்று.

உள்ளதைச் சொல்கிறேன். அந்தத் தேநீர் ஆறுகிற வரைக்கும் நான் நல்லவளாக இல்லை. மேடை ஓடுகிறது. லோரி போகிறது. சிரம்பானுக்குப் போய்ப் பட்டியலில் சத்தமில்லாமல் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. தொண்ணூற்று நாலு மதிப்பெண் தொண்ணூற்று நாலாகவே இருக்கும். கடிதம்கூட என் கையால் போவதில்லை, கிரிதரன் கையால் போகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைப் பிறருக்குத்தான் நான் இதுவரை சொல்லியிருக்கிறேன்.

என்னைக் குத்தியது கடிதம் இல்லை. 'சாப்பிடாமக்கூட' என்றாரே, அதுதான். அந்த மனிதர் தன் வீடு போகிற நேரத்தில் என் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அலுவலகத்தில் கடிதம் தயாராக மேசை மேல் இருந்தது. என் ஒன்பதாவது விதி அதில் முழுதாக, என் வார்த்தைகளிலேயே அச்சாகியிருந்தது. கீழே அரசு அண்ணன் கையெழுத்துப் போட ஒரு கோடு.

"இத அனுப்பாதீங்க மிஸ்டர் கிரி. தப்பு என்னோடது."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நாலு பத்து, பட்டியல், விட்டுப்போன பெயர், எட்டு வரிக் கோப்பு. கைப்பேசியில் எடுத்த படங்களையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்ப, இப்ப வேலை செய்யுதே?"

"தற்காலிகம்தான். என் பட்டியல் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தானா வந்து உரிமையப் பறிச்சிக்கும். ஓடிட்டிருக்கிறது ஓடும். அடுத்த தடவ அணைச்சா மறுபடி எந்திரிக்காது. மத்த நாலு மில்லுலயும் இதே கதைதான். அங்க இன்னும் யாரும் அணைக்கல, அதான் தெரியல. அரசண்ணன் நேத்து, மில்லு நின்ன நாளாப் பார்த்து அணைச்சதால இன்னிக்கித் தெரிஞ்சது. பழம் குவியிற நாள்ல அஞ்சு எடத்துலயும் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவர் கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஓம். காரணம் விளங்குது. ஆனா, லோகேஸ்வரி, விதியை மீறினது மீறினதுதானே? பொட்டு வெச்சது உண்மை."

"அந்த விதி பாதுகாப்புக்காக எழுதினது இல்ல. ஆடிட்டர் சிரிச்சார்னு வெட்கப்பட்டு எழுதினது." இதைச் சொல்லும்போது என் முகம் சூடாவது எனக்கே தெரிந்தது. நிறுத்தாமல் தொடர்ந்தேன். "வெளிய உங்க காடி நிக்குது. கம்பெனி காடி. முன்னால சந்தனப் பொட்டு இருக்கு. இப்ப வர்ற காடி எல்லாத்துக்கும் உள்ள கம்பியூட்டர் இருக்கு, மிஸ்டர் கிரி. ஒன்பதாவது விதிப்படி உங்களுக்கும் ஒரு லெட்டர் அடிக்கணும்."

அவர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து நான்காக மடித்து, கிழிக்காமல், இழுப்பறையில் போட்டார்.

"எல்லாத்தையும் எழுத்துல தாங்கோ. இங்கேயே இருந்து எழுதுங்கோ."

எழுதினேன். 'கவனக்குறைவு' என்ற இடத்தில் யாருடைய கவனக்குறைவு என்று தெரியாதபடி எழுத எங்கள் அலுவலகத்தில் ஒரு நடை உண்டு. அந்த நடையில் முதல் வரி எழுதி, அதை அழித்துவிட்டு, 'நான்' என்று தொடங்கினேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நிரஞ்சனாவுக்கும் பெர்சனல் பகுதிக்கும் அனுப்பினேன். நிரஞ்சனாவின் பதில் உடனே வந்தது: முதலில் ஐந்து ஆலையையும் சரிசெய், திங்கட்கிழமை காலை என் அறைக்கு வா. கேக் இருக்காது என்பது மட்டும் தெரிந்தது.

மடிக்கணினியைத் திறந்து பட்டியலில் திம்பாங்கைச் சேர்த்தேன், ஐந்து ஆலைகளுக்கும். புதிய பட்டியல் எடை மேடைக் கணினிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அரசு அண்ணனை உள்ளே அழைத்தேன்.

"ஒக்காருங்கண்ணே. கம்பியூட்டர ஆஃப் பண்ணுங்க."

"மறுபடியுமா?" அவர் முகம் செத்துவிட்டது. "ஓடிக்கிட்டு இருக்கும்மா. வெளிய ஆறு லோரி நிக்குது. ஓடுறத எதுக்கு நிப்பாட்டுறது?"

"ஓடுறத வெச்சி நம்பித்தான் நான் மூணு வாரம் ஏமாந்தேன். நின்னு எந்திரிச்சாத்தான் சரியாயிடுச்சின்னு அர்த்தம்."

அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தவறு யாருடையது என்றும், கடிதம் இழுப்பறைக்குப் போய்விட்டது என்றும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து நான் ஆத்தாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேம்மா" என்றார்.

"'நீ எதுக்குக் கேக்குற, அந்த லோகேஸ்வரியக் கேக்கச் சொல்லு'ன்னு ஆத்தா சொல்லியிருப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். கணினியை அணைத்தார். விசிறி நின்றது. இருவரும் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு நிமிஷம் கழித்து அவரே பட்டனை அமுக்கினார். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை வந்தது. எண் வருகிற இடத்தில் கோடு. கோடு மறைந்தது. பூச்சியம் வந்தது. அரசு அண்ணன் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். லோரி மேடையில் ஏறியது. எண்கள் ஓடி ஓடி இருபத்து நாலாயிரத்து முந்நூற்று அறுபதில் நின்றன. சீட்டு அச்சாகி வெளியே வந்தது. அந்தச் சிறிய கோப்பைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது.

கிரிதரன் வாசலில் தலையை நீட்டினார். "அரசு, பெர்சனல்ல பேசினேன். நாலு மணிக்கு வந்து கான்ட்ராக்ட்டில கையெழுத்துப் போடுங்கோ. அடுத்த வருஷம் வரைக்கும்."

"சரி பாஸ்" என்றார் அரசு அண்ணன். மேனேஜர் போன பிறகும் எழுந்து நின்றபடியே இருந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் பெட்டியின் மூடியைப் பொருத்தித் திருகாணிகளை இறுக்கினேன். பக்கவாட்டில் அவர் காலையில் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்த இடம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. எட்டு வருஷப் பொட்டு இருந்த இடம், வட்டமாக, லேசான சிவப்பில் கறை விட்டிருந்தது. எவ்வளவு பயந்து தேய்த்திருப்பார்!

சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் பிரித்தேன். உள்ளே அந்த ஒரு சிட்டிகை அப்படியே இருந்தது.

அரசு அண்ணன் எட்டிப் பார்த்தார். "அது பொடிம்மா" என்றார். "ஒம்பதாவது பாயிண்ட்டு."

"தெரியும்ணே" என்றேன். மோதிர விரலை ஈரத் துணியில் ஒற்றி, குங்குமத்தைத் தொட்டு, அந்தக் கறையின் நடுவில் வைத்தேன்.

வெளியே அடுத்த லோரி மேடையில் ஏறியது. அவர் திரையின் பக்கம் திரும்பி எடையைப் பார்த்தார்.